மருந்தாளர் தரைக்கு வந்த மாதம்

தபால் நிலையத்துக்கு எதிரே இருக்கும் வேகத்தடையில் ஒரு திங்கட்கிழமை காலை மேலே போன மருந்தாளர், அடுத்த மாதம்தான் முழுதாகக் கீழே வந்தார். இடைப்பட்ட நாட்களில் அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார், துணி காயப்போட்டார், கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் கல்யாணத்துக்குப் போய் எல்லோரோடும் வரிசையில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். படத்தில் அவருடைய கழுத்துக்கு மேற்பட்ட பகுதி விழவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதே படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருந்ததால், மருந்தாளரின் தலையைப் பற்றி யாரும் தனியாகப் பேசவில்லை.

அவர் ஊர் ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில், கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுப்பவர். அவருடைய கணவருக்குக் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. வில்லையைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவதில் அந்த மனிதரைக் குறை சொல்ல ஆளில்லை. ஒரு மயிரிழை கூடக் குறையக் கூடாது என்று மத்தியானச் சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்து தேய்ப்பார். வில்லையைத் தவிர்த்த மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது: "பாத்துக்கலாம்." குழாய் ஒழுகினாலும் அதுதான், கூரையில் விரிசல் விட்டாலும் அதுதான். அவருடைய சொந்தக் கண்ணாடியின் ஒரு கால் பல வருஷமாக நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரில் அவருக்குப் 'பார்த்துக்கலாம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கடைக்கு வழி கேட்டால், பார்த்துக்கலாம் கடையா, நேராகப் போங்கள் என்று சிரிக்காமல் சொல்வார்கள்.

அவர்களுடைய கார் சின்னது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று விற்றவர் சொன்னார். பின்னால் உட்காரும் மூன்றாமவர் யாருடைய மடியில் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தக் காரில்தான் மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய், பிறகு கல்லூரிக்கும் போனாள். அதன் டிக்கியில்தான் கண்ணாடிப் பெட்டிகளும், பழுதுக்குப் போய்த் திரும்பும் சாணை எந்திரமும், சாணைக்குத் தண்ணீர் பிடிக்கும் கேனும் வருஷக்கணக்காகப் பயணம் செய்தன. எல்லாப் பாரமும் பின்பக்கத்திலேயே விழுந்ததால், பின்பக்கம் முதலில் தளர்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பின் சக்கரங்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, எண்ணெய் அடைத்த இரண்டு குழாய்கள் உண்டு. ஷாக் அப்சர்பர் என்று பெயர். பள்ளத்தில் விழுந்த வண்டியை ஸ்பிரிங் எம்பிக் குதிக்க வைக்கும். போதும் உட்கார் என்று அடக்குவது இந்தக் குழாய்களின் வேலை. இவற்றையும் சக்கரத்து அச்சையும் வண்டியின் உடம்போடு சேர்த்துப் பூட்டும் இடங்களில், இரும்போடு இரும்பு இடிக்காமல் இருக்க, புஷ் என்று ரப்பர் உருளைகள் இருக்கும். பார்த்துக்கலாம் வீட்டுக் காரில் குழாய்களின் எண்ணெய் கசிந்து பெரும்பாலும் வற்றியிருந்தது. புஷ்கள் வெடித்து, ஒவ்வொரு மேட்டிலும் பின்னாலிருந்து யாரோ கதவு தட்டுவதைப் போல டொக் என்று சத்தம் வந்தது. ஒரு வருஷமாக வந்தது. பாத்துக்கலாம் என்று அவரும் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தக் காரில் மருந்தாளர் உட்காருவது பின் இருக்கையில்; அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் திங்கட்கிழமைக்கு இரண்டு வருஷம் முன்னால், துறைமுக நகரத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை மருந்தாளராக வரும்படி அவருக்கு அழைப்பு வந்தது. அவர் படித்த படிப்புக்கும் ஆசைப்பட்டதற்கும் அதுதான் சரியான வேலை. குடும்பத்தோடு போக வேண்டும், கடையை அங்கே மாற்ற வேண்டும், மகளுக்குக் கல்லூரி பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் அவர் கணவரிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். கணவர் கையிலிருந்த வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே தன்னுடைய வழக்கமான பதிலைச் சொன்னார். அப்படிச் சொல்லிச் சொல்லியே கெடு முடிந்தது. வேலை வேறொருவருக்குப் போனது. மருந்தாளர் அழவில்லை, சத்தம் போடவில்லை, ஒரு வேளைச் சமையலைக்கூட நிறுத்தவில்லை. மறுநாள் காலையில் காரின் முன் கதவைத் தாண்டிப் போய், பின் கதவைத் திறந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கணவர் முன்னால் ஓட்ட, மனைவி பின்னால் உட்கார, கார் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்கள் பார்த்துக்கலாமை டிரைவர் என்றே நினைத்தார்கள். ஒருவர் அவரிடம், உங்க முதலாளியம்மா நல்லவங்களா, சம்பளம் ஒழுங்காத் தர்றாங்களா என்று விசாரித்தார். அவரும் ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமை, தபால் நிலையத்து வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது மருந்தாளர் இருக்கையை விட்டு எழும்பினார். அது தினமும் நடப்பதுதான். அன்றைக்குத் திரும்ப உட்காரவில்லை. நாலு விரல் உயரத்தில் நின்று, மெதுவாக இறங்கி, இருக்கையைத் தொடும் முன்பே மறுபடி எழும்பினார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய பிறகும் அப்படித்தான். தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் போல, ஏறி இறங்கிக்கொண்டே படிகளைக் கடந்து மருந்தகத்துக்குப் போய் ஜன்னலைத் திறந்தார். டாக்டர் வந்து பரிசோதித்தார். மேலே போகும்போது ரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவாகவும் கீழே வரும்போது கொஞ்சம் கூடுதலாகவும் இருந்ததால், சராசரியில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருந்து வாங்க வந்தவர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். மருந்தாளர் கீழே வரும்போது சீட்டைக் கொடுப்பார்கள், அடுத்த முறை கீழே வரும்போது மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள். உச்சித் தட்டில் இருக்கும் புட்டிகளை எடுக்க முன்பெல்லாம் ஏணி வேண்டியிருந்தது. இப்போது கொஞ்ச நேரம் காத்திருந்தால் போதும். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு" என்பதை அவர் ஏறும்போது சொல்வார், "சாப்பிட்டப்புறம் ஒண்ணு" என்பதை இறங்கும்போது சொல்வார். காது மந்தமான ஒரு தச்சர், மருந்தாளர் ஏறும்போது சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு போய், மருந்து பாதிதான் வேலை செய்கிறது என்று திரும்பி வந்தார். மற்றபடி புகார் ஒன்றுமில்லை.

காரும் அப்படித்தான் குதிக்கிறது என்பதை முதலில் கவனித்தவர் எதிர்வீட்டுச் சலவைக் கடைக்காரர். எந்திரம் அணைந்து, ஆள் யாரும் இல்லாமல், தெருவோரம் நிறுத்தியிருந்த காரின் பின்பக்கம் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. மருந்தாளர் வாசலுக்கு வந்து துணி கொடுத்தபோது, அவர் ஏறினால் காரும் ஏறியது, அவர் இறங்கினால் காரும் இறங்கியது. சலவைக்காரர் சோதித்துப் பார்க்கும் குணம் உள்ளவர். மருந்தாளர் வேலைக்குக் கிளம்பிப் போன ஒருநாள் (அன்றைக்கு அவர் காரில் போகாமல் டாக்டரோடு போயிருந்தார்), டிக்கி மூடியின் மேல் ஏறி உட்கார்ந்தார். அதே நேரத்தில் ஊரின் மறுகோடியில் மருந்தாளர் சட்டென்று தரையோடு ஒட்டிப்போய், கையில் எடுத்த புட்டியைத் தட்டில் திரும்ப வைக்க முடியாமல் நின்றார். யார் அங்கே என் காரில் உட்கார்ந்திருக்கிறது, எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று வீட்டுக்குப் போன் செய்தார். சலவைக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கினார். ஆக, கோளாறு காரில் இருக்கிறது என்று ஊர் முடிவு செய்தது. இனிமேல் எல்லாம் பார்த்துக்கலாம் கையில் என்றும் சொல்லிக்கொண்டது. அப்படிச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள், சிலர் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த வாரத்திலேயே துறைமுக நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது. போன தடவை வேலைக்குச் சேர்ந்தவர் விலகிப் போகிறார், இன்னும் விருப்பம் இருந்தால் அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் வந்துவிட முடியுமா என்று கேட்டார்கள். மருந்தாளர் அப்போது ஏறிக்கொண்டிருந்தார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும், "வர்றேன்" என்றார். பிறகு இறங்கும் வழியில், "தரையில ஒரு சின்னச் சிக்கல் இருக்கு, அது தீரணும்" என்றும் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தவர்கள் வீட்டு மனை விவகாரம் என்று நினைத்துக்கொண்டு, ஆகட்டும் என்றார்கள். மகள் இதை அப்பாவிடம் சொன்னாள். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், கழற்றித் துடைத்தார். "வண்டியை என்னைக்குப்பா கொண்டு போறீங்க?" என்று கேட்டதற்கு, வழக்கமான பதில் வந்தது. ஆனால் இந்த முறை அதில் ஒரு நடுக்கம் இருந்ததாக மகள் பிற்பாடு சொன்னாள். ஊருக்கு அந்த நடுக்கம் கேட்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கடைவீதியில் வெளிப்படையாகவே பேசினார்கள். மூக்குக்கண்ணாடி கொடுத்தவரையே உற்றுப் பார்த்தார்கள், அவர் கொடுத்த கண்ணாடி வழியாகவே.

நாலு விரலாக இருந்த உயரம் ஒரு முழமானது, முழம் ஆளுயரமானது. குழாயில் மிச்சமிருந்த எண்ணெயும் சொட்டிக்கொண்டிருந்தது. காருக்கு அடியில் தெருவில் ஒரு கறுத்த வட்டம் நாளுக்கு நாள் பெரிதானது. வீட்டில் மின்விசிறியை நிறுத்தி வைத்தார்கள். வாசல் நிலையின் மேல் சட்டத்தில் தலையணை கட்டினார்கள். பிறகு காற்று பலமாக அடித்த ஒரு பிற்பகலில், ஆஸ்பத்திரி முகப்பைத் தாண்டி வெளியே வந்த மருந்தாளர், கூரையில்லாத இடத்தில் ஏறினார். முகப்பின் விளிம்பைத் தாண்டி, பெயர்ப்பலகையைத் தாண்டி, முதல் மாடி ஜன்னல் வரைக்கும் போனார். அங்கே காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஒரு நோயாளி வணக்கம் சொல்ல, பதிலுக்கு வணக்கமும் சொன்னார். ஆனால் உடனே இறங்கவில்லை. காற்று அவரைப் பக்கவாட்டில் மின்கம்பிப் பக்கமாகத் தள்ளியது. அவரை அழைத்துப் போக வந்திருந்த மகள், கைப்பையின் நீண்ட வார் தொங்குவதைப் பார்த்து எம்பிப் பிடித்து இழுத்தாள். வார் அறுந்துவிடும் போலிருந்தது. அறுவதற்குள் அம்மா இறங்கத் தொடங்கினார். கீழே வந்தவருடைய கைகள் சில்லிட்டுப் போயிருந்தன. இரண்டு வருஷமாக எதற்கும் முகம் மாறாதவர், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குடி" என்றார்.

மகள் நேராகக் கடைக்குப் போனாள். அப்பாவின் கையிலிருந்த வில்லையை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்பா, அம்மா இன்னைக்குக் கம்பியில விழப் பாத்தாங்க. நீங்க ஓட்டுறீங்களா, இல்ல நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதும் பார்த்துக்கலாம் பட்டியலில் இருந்த விஷயம் என்பதால், அவள் சலவைக்காரரிடம் ஏற்கெனவே கற்றுக்கொண்டிருந்தாள். அவளே ஓட்டினாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, கார் ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கூரையைப் பிடித்துக்கொண்டார்.

பட்டறையில் மெக்கானிக்கின் பெயர் 'குறடு'. எதை எடுப்பதற்கும் அவருக்குக் குறடுதான் வேண்டும். கை கறையாக இருக்கிறது என்று சொல்லி, பிஸ்கட்டைக்கூடக் குறட்டால் பிடித்துத்தான் சாப்பிடுவார். தன்னிடம் தப்பு நடந்ததாக அவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. எல்லாம் கம்பெனி செய்த தப்பு. அவர் காரின் பின் மூலையைக் கையால் அமுக்கிவிட்டார். நல்ல வண்டி ஒரு தடவை எழும்பி அடங்கிவிடும் என்று விளக்கிக்கொண்டே டீ போடச் சொன்னார். டீ வந்தது, குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார். கார் குதித்துக்கொண்டே இருந்தது. "ஷாக் ரெண்டும் செத்துப் போச்சு. புஷ்ஷும் கிழிஞ்சு தொங்குது. எல்லாத்தையும் மாத்தணும்" என்றார். ஒழுகுகிற பக்கத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று பார்த்துக்கலாம் கேட்டார். "ஏன் சார், செருப்பு ஒரு காலுக்கு மட்டும் புதுசு வாங்குவீங்களா?" என்றார் குறடு. சரி, ஷாக் இரண்டையும் மாற்றுங்கள், புஷ்ஷைப் பிறகு பார்த்துக்கலாம் என்று அவர் இறங்கி வந்தார். மகள் முறைத்தாள். குறடும் அன்றைக்கு வேலை நிறையக் கிடந்ததால் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

காரை ஜாக்கியில் தூக்கித் தாங்கியின் மேல் நிறுத்தி, டிக்கியின் உள்விரிப்பைத் தூக்கி மேல் நட்டுகளைக் கழற்றினார்கள். கீழ் போல்ட் துருப்பிடித்துப் பிடிவாதமாக இருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, சுட்டு, கடைசியில் திட்டியதும் வந்தது. வெளியே எடுத்த பழைய குழாயைக் குறடு கையால் அமுக்கிக் காட்டினார். உள்ளே போனது, வெளியே வர மனமில்லாமல் அப்படியே கிடந்தது. புதியதை அமுக்கினார். அது நிதானமாக, யாருக்கும் பயப்படாமல், தானாகவே நீண்டு எழுந்தது. புதியவை பூட்டப்பட்ட மாலையில் மருந்தாளர் குதிப்பதை நிறுத்தினார். ஒரு சாண் உயரத்தில் அசையாமல் நின்றார். ஊர் மூச்சு விட்டது. ஆனால் நடக்கத் தொடங்கியதும், ஒவ்வொரு அடிக்கும் அவரிடமிருந்து டொக் என்று சத்தம் வந்தது. மூலையில் திரும்பினால் கால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் போயின. மருந்தக வரிசையில் நின்றவர்கள் அவர் வருவதைத் தூரத்திலேயே கேட்டு, உட்கார்ந்திருந்தால் எழுந்துகொண்டார்கள். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று டாக்டர் அன்றைக்குப் பல தடவை எழுந்து போய்த் திறந்தார்.

புஷ்களையும் மாற்றுங்கள் என்று பார்த்துக்கலாம் தானாகவே போய்ச் சொன்னதாகத் தெரிகிறது. அது அந்த வருஷத்தின் செய்திகளில் ஒன்று. குறடு அச்சை இறக்கினார். வைஸ் என்னும் பட்டறைப் பிடியில் வைத்து, பொருத்தமான குழாய்த் துண்டைக் கொடுத்து இறுக்கி, வெடித்த ரப்பர்களைப் பிதுக்கி எடுத்தார். சோப்புத் தண்ணீர் தடவிப் புதியவற்றை உள்ளே ஏற்றினார். எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், கார் தாங்கியின் மேலேயே இருக்க, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, எல்லா போல்ட்டுகளையும் முழு பலத்தோடு முறுக்கிவிட்டார். அன்று மாலை மருந்தாளரின் சத்தம் நின்றது. ஆனால் குதிகால் தரையில் படவில்லை. நுனிவிரலில் நின்றார். நாற்காலியில் உட்கார்ந்தால், உள்ளே யாரோ கயிற்றை முறுக்கிவிட்டதைப் போல அது அவரை மேலே தூக்கி நிறுத்தியது. நின்றுகொண்டே சாப்பிட்டார். படுக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிய அம்மாவைப் பார்த்துவிட்டு மகள் காரை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினாள். துறைமுக நகரத்துக்கான கெடுவும் நெருங்கியிருந்தது.

குறடு வெகுநேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "தொங்கவிட்டு முறுக்கிட்டேன். வண்டி தரையில நிக்கும்போது ரப்பர் எப்படி இருக்கணுமோ, அப்படி வச்சுத்தான் இறுக்கணும். இல்லன்னா அது முறுக்கிக்கிட்டே கிடக்கும், பழைய இடத்துக்கே இழுக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனிக்காரன் பெட்டி மேல எழுதியிருக்கலாம்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனவே காரைத் தள்ளிக்கொண்டு போய், பட்டறையின் பின்பக்கத்துப் பள்ளத்தின் மேல், நாலு சக்கரமும் தரையில் படும்படி நிறுத்தினார்கள். போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு, கீழே பள்ளத்தில் நின்றபடி குறடு சொன்னார்: "பின்னாடி எப்பவும் யார் உக்காருவாங்களோ அவங்க உக்காரட்டும்." கூப்பிட்டனுப்பியதும் கணவரோடு வந்திருந்த மருந்தாளர் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழும்ப, தலை கூரையில் இடித்தது. யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கீழேயிருந்து குரல் வந்தது. மகளால் நகர முடியாது. கைபிரேக் வேலை செய்யாததால் (அதுவும் பட்டியலில் இருந்தது) அவள் டிரைவர் இருக்கையில் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கலாம் காரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கத்துப் பின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அந்தக் காரின் பின் இருக்கையில் அவர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அங்கேயிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் பிடரி மட்டும்தான் தெரியும் என்பதைக் கவனித்தார்.

கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பிடிங்க சார். பரீட்சையா எழுதப் போறீங்க?" என்றார் குறடு.

அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். மருந்தாளர் மெதுவாக இருக்கையில் இறங்கினார். கீழே ஸ்பேனர் வேலையைத் தொடங்கியது.

"போன் வந்தது தெரியும்ல?" என்று மருந்தாளர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா வண்டியை இத்தனை நாள் போட்டு வச்சீங்க? அன்னைக்கு நான் கம்பியில மாட்டியிருந்தா?"

அவர் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பிறகு, "வண்டி சரியாயிட்டா நீ போயிடுவ" என்றார்.

"போகத்தான் போறேன்."

"அதான்."

"சார், அசையாதீங்க. போல்ட் வழுக்குது" என்றது பள்ளம்.

இருவரும் அசையாமல் உட்கார்ந்தார்கள். மருந்தாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் தனியாப் போறேன்னு உங்ககிட்ட யார் சொன்னா?"

"நீதான் பின்னாடி போய் உக்காந்துட்டியே."

"இந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாளாவது, முன்னாடி வந்து உக்காருன்னு சொன்னீங்களா?"

"சொல்லணும்னு இருந்தேன்."

"எப்போ?"

பார்த்துக்கலாம் வாயைத் திறந்தார். கீழே ஸ்பேனர் நின்றது. முன்னால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்த மகள், கண்ணாடியில் அவர்களுடைய முகம் தெரியாதபடி அதை மேலே திருப்பிவிட்டு, காதை மட்டும் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தை அவருடைய உதடு வரைக்கும் வந்தது என்பதில் மூவருக்குமே சந்தேகம் இல்லை. அவர் அதை விழுங்கினார். விழுங்கியபோது தொண்டை ஏறி இறங்கியது வெளியே தெரிந்தது.

"நாளைக்குக் கடையைக் காலி பண்றேன்" என்றார். "நானும் வர்றேன். அங்கயும் ஜனங்களுக்குக் கண்ணு இருக்கும்ல." கொஞ்சம் நிறுத்தி, "நீ வேணாம்னு சொன்னாலும் வருவேன்" என்றார்.

மருந்தாளர் அவரைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தாரா என்று கேட்டால் மகளுக்கும் தெரியாது, அவள்தான் கண்ணாடியைத் திருப்பிவிட்டாளே. ஆனால் பள்ளத்திலிருந்து குறடு சத்தம் போட்டார்: "இப்ப ரெண்டு பேரும் நடுவுக்கு நகந்துட்டீங்க! பாரம் சரியா உக்காந்துருச்சு. அப்படியே இருங்க, அப்படியே இருங்க, இறுக்கிடறேன்." ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். கடைசி போல்ட் இறுகியபோது ரப்பர் ஒரு முறை முனகிவிட்டு அமைதியானது. மருந்தாளர் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார். முதலில் குதிகால் பட்டது, பிறகு பாதம் முழுதும். பட்டறைத் தரையில் சிந்திக் கிடந்த எண்ணெயில் அவருடைய பாதம் கறுப்பாகப் பதிந்தது. "தரை சில்லுன்னு இருக்கு" என்றார். பிறகு அங்கேயே ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, ஒரு வாய்த் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்படியே தூங்கிப்போனார். வெயில் சாயும் வரை யாரும் எழுப்பவில்லை. அன்றைக்குக் குறடு சுத்தியலை எடுக்கவே இல்லை.

கெடுவுக்குள் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். துறைமுக நகரத்தில் மருந்தாளர் தலைமை மருந்தாளராகிப் பல வருஷம் வேலை பார்த்தார். தரையிலேயே நின்று, ஏணி வைத்துத்தான் மேல் தட்டுக்கு ஏறினார். அவர் கணவர் மீன்சந்தைக்குப் பக்கத்தில் கடை போட்டார். அங்கே அவருக்கு வேறு பெயர் விழுந்தது. எழுதக்கூடிய பெயர்தான், ஆனால் நீளம். மகள் கப்பல் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தாள். கார் நன்றாக ஓடியது. மேடு பள்ளத்தில் ஒரு தடவை எழும்பி அடங்கியது, சத்தம் என்பதே இல்லை. ஒரே ஒரு விஷயம்தான். அப்பாவும் அம்மாவும் பின் இருக்கையில் நடுவாக நெருங்கி உட்கார்ந்தால்தான் அது நகரும். இல்லாவிட்டால் எந்திரம் ஓடும், கியர் விழும், கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே எடைக்கு அரிசி மூட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் புருஷன் பெண்டாட்டியை உட்கார வைத்துப் பார்த்தார்கள். கார் நகரவில்லை, அவர்களுக்குள் சண்டைதான் வந்தது. குறடுக்குப் போன் செய்து கேட்டதற்கு, அது கம்பெனி தப்பு என்றார். அதனால் தினமும் காலையில் மகள் ஓட்ட, பெற்றோர் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனார்கள். இருவருக்கும் ஏதாவது மனத்தாங்கல் இருக்கும் நாளில், மகள் சாவியைத் திருப்பாமல் வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். சில நாள் அலுவலகத்துக்குத் தாமதமாகும். அலுவலகத்தில் காரணம் கேட்டால், வண்டி கிளம்பவில்லை என்பாள். அது பொய் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கழிமுகத்தைக் கடந்து அக்கரைக்குப் போனார்கள். வண்டிகளைப் படகில் ஏற்றும்போது பயணிகள் இறங்கி நடந்து வர வேண்டும் என்பது அங்கே விதி. இருவரும் இறங்கியதும் கார், படகில் ஏறப் போட்டிருந்த பலகையின் முன்னால் நின்றுவிட்டது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மகள் ஜன்னலை இறக்கி, படகுத்துறை ஆளிடம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். அவர் காரைப் பார்த்தார், இருவரையும் பார்த்தார், தண்ணீர் மட்டத்தையும் பார்த்துக்கொண்டார்.

"அப்படின்னா உள்ளயே உக்காந்துக்கங்க. இன்னும் கொஞ்சம் நெருங்கி" என்றார்.

கார் மெதுவாக உருண்டு படகில் ஏறியது. அவர் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, கையை உயர்த்தி லாரியைக் கூப்பிட்டார்.